உடற்பருமன் யார் குற்றம்?

நம்மவர் வழக்கிலே உடம்பைப் பற்றிய பேச்சு இருவகைப்படும். தவழும் குழந்தை கொழுகொழுவென்று இருந்தால், "நல்ல வளர்த்தி" என்று கன்னத்தைக் கிள்ளி மகிழ்கின்றோம். அதே குழந்தை பதினைந்து வயதிலும் பருத்திருந்தால் பள்ளிக்கூடத்திலே அதற்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிடுகின்றது. நாற்பது வயதானவருக்கு வண்டி வைத்துவிட்டால், "வசதி வந்துவிட்டது" என்பர் சிலர். "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்பர் வேறு சிலர். இப்புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. உடல் பருப்பதும் மெலிவதும் அவரவர் சொந்த விஷயம் என்பதே அவ்வெண்ணம்.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை இவ்வாரம் ஆராய்வோம். வீட்டிலுள்ள பெரியோருக்கும் உயர்வகுப்பு மாணவருக்கும் இது பயன்படும் என்பது நம் நம்பிக்கை.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வயதுவந்தோருள் 250 கோடிப் பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்கள். அவர்களுள் 89 கோடிப் பேர் நோய் என்று கொள்ளத்தக்க உடற்பருமன் உடையவர்கள். 1990ஆம் ஆண்டுக்குப் பின் வயதுவந்தோரிடையே இப்பருமன் இரு மடங்குக்கு மேலாகவும், வளரிளம் பருவத்தினரிடையே நான்கு மடங்காகவும் பெருகியுள்ளது. முப்பத்திரண்டு ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக் காலம். அதற்குள் உலகத்து மக்கள் அனைவரும் ஒருங்கே மனவுறுதி இழந்துவிட்டார்கள் என்று கூறுவது பொருந்துமா? தனி மனிதரின் ஆசையைக் காட்டிலும் பெரிய காரணம் ஏதோ இருத்தல் வேண்டும்.

ஜெஃப்ரி ரோஸ் என்னும் ஆங்கில வைத்தியப் பேராசிரியர் 1985இல் எழுதிய கட்டுரையொன்றில் இதற்கு வழி காட்டினார். இந்த மனிதருக்கு ஏன் இந்நோய் வந்தது என்பது ஒரு வினா. இந்த ஊரிலே இந்நோய் ஏன் இத்துணை மலிந்திருக்கின்றது என்பது மற்றொரு வினா. இரண்டுக்கும் விடை ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. முதல் வினா வைத்தியர் தம் முன் அமர்ந்திருப்பவரைப் பார்த்துக் கேட்பது. இரண்டாவது, பொதுச் சுகாதாரத்துறை ஊரைப் பார்த்துக் கேட்பது.

இலண்டன் பஸ்களும் காற்சட்டை அளவும்

இரண்டாவது வினாவைக் கேட்டு விடை தேடிய வரலாறுகளுள் சுவையானது ஒன்றுண்டு. இலண்டன் மாநகரத்து பஸ்கள் ஈரடுக்கு உடையவை. அக்காலத்திலே ஒவ்வொன்றிலும் ஒரு சாரதியும் ஒரு நடத்துநரும் பணி செய்தனர். இருவருக்கும் ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே வருவாய், ஒரே வகையான குடியிருப்பு. வேறுபாடு தொழிலில் மட்டுமே. சாரதி நாள் முழுவதும் ஆசனத்தில் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டு விற்பதற்காக நாளொன்றுக்கு ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது படிகள் வரை ஏறி இறங்குவார்.

ஜெரமி மொறிஸ் என்னும் வைத்தியரும் அவர்தம் துணைவர்களும் இவ்விரு சாராரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 1953இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, சாரதிகளைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாகவே வந்தது. பின்னர் 1956இல் அவர்கள் வேறொரு நூதனமான கணக்கைப் பார்த்தனர். பஸ் ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பது நிர்வாகத்தின் வழக்கம். அதற்கென ஒவ்வொருவருடைய இடுப்பளவும் ஏட்டிலே பதியப்பட்டிருந்தது. அந்த ஏட்டைப் புரட்டியபோது, ஒரே வயதும் உயரமும் உடையவர்களுள் சாரதியின் காற்சட்டை நடத்துநரின் காற்சட்டையிலும் அகலமாக இருந்தமை புலனாயிற்று.

ஆராய்ச்சியில் அவசரமாக முடிவு கட்டுதல் ஆகாது என்பதையும் இக்கதை நமக்குக் கற்பிக்கின்றது. வேலையிற் சேர்ந்தபோதே சாரதிகளுக்கும் நடத்துநர்களுக்கும் இடையே உடலமைப்பில் ஓரளவு வேறுபாடு இருந்தது என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. ஆயினும் உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்ற அடிப்படை உண்மை, அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளால் வலுப்பெற்றதேயன்றித் தளரவில்லை. சாரதி சோம்பேறியல்லர், நடத்துநரைப் போலவே எட்டு மணி நேரம் பாடுபடுபவர். அவர் தொழில் அவரை அமர்த்திவைத்தது, அவ்வளவே. இன்று நம்முள் எத்தனை பேர் அந்தச் சாரதியின் ஆசனத்தில் இருக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கந்தோர் மேசையும், மோட்டார் சைக்கிளும், ரியூஷன் வகுப்பின் வாங்கும், கைத்தொலைபேசியின் திரையும் அந்த ஆசனத்தின் வேறு வடிவங்களே.

ஒரு தீவின் சரித்திரம்

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே நவுறு என்றொரு தீவு உள்ளது. பரப்பு 21 சதுரக் கிலோமீற்றர். முன்னாளில் அங்குள்ளோர் மீனும் தேங்காயும் தாழையினத்துப் பழமும் உண்டு வாழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அத்தீவின் மண்ணிலிருந்து பொஸ்பேற்று அகழப்படலாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், யப்பானியப் படையினர் ஏறத்தாழ 1,200 நவுறு மக்களைத் தொலைவிலுள்ள திறுக் தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். பசியாலும் நோயாலும் பலர் அங்கே மாண்டனர். 1946இல் ஊர் திரும்பியவர் 737 பேரே.

பட்டினியால் வாடிய அம்மக்கள் 1968இல் சுதந்திரம் பெற்றனர். பொஸ்பேற்று விற்ற பணம் அவர்கள் கைக்கு வந்தது; உலகத்துச் செல்வந்த நாடுகளின் வரிசையிலே அச்சிறு தீவும் சேர்ந்தது. கப்பல்களில் வெள்ளை அரிசியும் கோதுமை மாவும் சீனியும் தகரத்திலடைத்த இறைச்சியும் இனிப்புப் பானங்களும் வந்திறங்கின. மீன்பிடியும் தோட்டமும் கைவிடப்பட்டன. 1975ஆம் ஆண்டில் அங்கு சென்ற வைத்தியக் குழுவினர் பரிசோதித்தபோது, வயதுவந்தோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சலரோகம் எனப்படும் நீரிழிவு நோய் காணப்பட்டது. உலகிலேயே அதுவரை அறியப்பட்டவற்றுள் மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று.

இதன் பின்பகுதிதான் மிகத் துயரமானது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் பொஸ்பேற்று வற்றியது, செல்வமும் கரைந்தது. எனினும் பருமனும் நீரிழிவும் செல்வத்தோடு கூடப் போய்விடவில்லை. அகழ்ந்தெடுத்த நிலம் பயிருக்கு உதவாதது. கப்பலில் வரும் மலிவான மாவும் சீனியும் கொழுப்புமே ஏழையின் உணவாக எஞ்சின. செல்வத்தின் அடையாளமாக வந்த பருமன் வறுமையின் துணையாக நிலைத்துவிட்டது. பருமன் பணக்காரர் நோய் என்று எண்ணுவோர் இத்தீவை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மெலிந்த மேனியில் மறைந்த கொழுப்பு

இனி நம்மைப் பற்றிய செய்திக்கு வருவோம். உடற்பருமனை அளக்க உலகெங்கும் வழங்கும் கணக்கு எளியது. கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தல் வேண்டும். பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெற்றலே 1832இல் கண்ட விகிதம் இது. உயரம் 1.6 மீற்றர், எடை 64 கிலோகிராம் என்றால், 64ஐ 2.56ஆல் வகுக்க 25 வரும். ஐரோப்பியருக்கு 25 வரை சாதாரணம்; 30க்கு மேற்பட்டால் உடற்பருமன்.

இந்த அளவுகோல் நமக்குப் பொருந்துமா? பூனா நகரத்து வைத்திய அறிஞர் யாஜ்னிக் என்பவரும் இலண்டனைச் சேர்ந்த யட்கின் என்பவரும் 2004இல் தம் இருவரையுமே சான்றாக வைத்து ஒரு சிறு குறிப்பை வெளியிட்டனர். இருவருக்கும் மேற்கூறிய எண் ஒன்றே, 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு நூற்றுக்கு 9.1 பங்கும், யாஜ்னிக்குக்கு 21.2 பங்கும் இருந்தன. தராசு இருவரையும் ஒன்றென்றது. உள்ளிருந்த உண்மை வேறாக இருந்தது.

இவ்வேறுபாடு பிறக்கும்போதே தொடங்குகின்றது. பூனாவின் சுற்றுக் கிராமங்களிற் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரத்துக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோகிராம். சிறிதாகப் பிறந்த அந்த இந்தியக் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் குறைவாக இருந்தபோதிலும், தோலின் கீழுள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. வயிற்றிலே போதிய போஷாக்குப் பெறாத சிசு, உள்ளதைச் சேமிக்கும் உடலோடு பிறக்கின்றது. வளர்ந்தபின் உணவு மலிந்து உழைப்புக் குறைந்தால், அந்தச் சேமிப்பு வயிற்றினுள்ளும் ஈரலிலும் சென்று படிகின்றது. அங்கே படியும் கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுக்கும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவற்றுக்கு அது வழி திறந்துவிடும். மிகு பருமன் பெருங்குடல், கருப்பை முதலிய உறுப்புகளிற் புற்றுநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகின்றது.

ஆகவே தாயின் பட்டினியும் மகனின் தொந்தியும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் எனலாம். கர்ப்பிணித் தாய்க்கு நல்ல உணவு கிடைக்கச் செய்வது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய நீரிழிவைத் தடுக்கும் முயற்சியுமாகும்.

இக்காரணங்களால், 2004இல் வெளியான உலக சுகாதார ஸ்தாபன நிபுணர்களின் அறிக்கை, ஆசிய மக்கள் 23 என்ற எண்ணைத் தாண்டும்போதே எச்சரிக்கை கொள்ளவேண்டும் என்றும், 27.5ஐ எட்டினால் ஆபத்து மிகுதி என்றும் கூறியது. மேலே கண்ட 1.6 மீற்றர் உயரமுடையவருக்கு 23 என்பது ஏறத்தாழ 59 கிலோகிராம். அதிலும் எளிய சோதனை இடுப்பளவு. தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை எனக் கொள்ளப்படுகின்றன. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை மெல்ல வெளிவிட்ட நிலையில், தையற்காரரின் அளவுநாடாவைச் சுற்றிப் பார்த்தால் போதும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பவர் நாடாவை ஏமாற்றலாம்; ஈரலை ஏமாற்ற இயலாது. நம் முன்னோர் பிள்ளைகளுக்கு அரைஞாண் கட்டினர். அது இறுகினால் பிள்ளை வளர்கின்றது என்று மகிழ்ந்தனர். வளர்ந்து முடிந்தவருக்கு இறுகினால் அங்கே வளர்வது வேறு.

நம் நாட்டின் நிலை

இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஒரு பேராய்வு, ஆசியருக்கான அளவுகோலின்படி வயதுவந்தோருள் நூற்றுக்கு 25.2 பேர் மிகையெடை உடையவரென்றும், 9.2 பேர் உடற்பருமன் உடையவரென்றும் கண்டது. இடுப்பளவு மிகுந்தோர் நூற்றுக்கு 26.2 பேர். அதே ஆய்வில் இருபது வயதுக்கு மேற்பட்டோருள் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. பட்டினத்தார் கிராமத்தாரைவிடவும், பெண்கள் ஆண்களைவிடவும் மிகுதியாகப் பருத்திருந்தனர்.

பெண்களுக்கு ஏன் இந்நிலை? நம் வீடுகளிலே காலை தொடங்கி இரவு வரை ஓயாது வேலை செய்பவர் இல்லத்தரசியே. ஆயின் அவ்வேலை நான்கு சுவர்களுக்குள் நின்றபடி நடப்பது. மாலையில் ஆண்கள் உலாவச் செல்லும் வழியிலே பெண் தனித்து நடந்தால், "எங்கே போகிறாள்?" என்ற கேள்வி எழுகின்றது. எஞ்சிய சோறு வீணாகக்கூடாதென்று உண்பவரும் அவரே. அவருடைய பருமனுக்குக் காரணம் அவர் நா ஒன்றே என்று எவர் சொல்ல முடியும்?

நம் உணவையும் சற்று நோக்குவோம். காலையில் பாண், மதியம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, மாலையில் றோல்ஸ் அல்லது பற்றிஸ், இரவில் கொத்து றொட்டி என்று ஆகிவிட்ட வீடுகள் பல. குரக்கன் புட்டும் ஒடியற் கூழும் கீரையும் பயறும் விசேட நாட்களின் நினைவாகிவிட்டன. தேநீரின் கணக்கை மட்டும் பார்ப்போம். கோப்பை ஒன்றுக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி. நாளொன்றுக்கு நான்கு கோப்பை. கரண்டிக்கு 5 கிராம் என்று கொண்டால் 40 கிராம் ஆகின்றது. உணவோடு சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடங்கினால் கூடிய நன்மை என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் கூறிய ஆலோசனை. சோடாவும் பிஸ்கற்றும் சேருமுன்னரே தேநீர் ஒன்றே அவ்வெல்லையைத் தாண்டிவிடுகின்றது.

சட்டம் என் செய்யும்?

ஊரின் நோய்க்கு மருந்து ஊரளவில் வேண்டும். மெக்சிக்கோ நாடு 2014 சனவரியில் இனிப்புப் பானங்களுக்கு லீற்றருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. அவ்வாண்டிலே அப்பானங்களின் விற்பனை சராசரி நூற்றுக்கு 6 பங்கு குறைந்தது. ஆண்டிறுதியில் 12 பங்கு குறைந்தது. சிலி நாடு 2016இல் சீனி, உப்பு, கொழுப்பு மிகுந்த பண்டங்களின் உறையிலே எண்கோணக் கறுப்பு முத்திரை பொறிக்கவேண்டுமெனச் சட்டம் செய்தது. அத்தகைய பண்டங்களைப் பாடசாலைகளில் விற்பதையும், சிறுவரைக் கவரும் படங்களால் விளம்பரம் செய்வதையும் தடுத்தது. பிரித்தானியாவில் 2018இல் வரி நடைமுறைக்கு வருமுன்னரே பல உற்பத்தியாளர் தாமாகச் சீனியைக் குறைத்துக்கொண்டனர்.

நம் நாடும் இதிற் பின்தங்கவில்லை. 2016 ஆகத்து மாதத்திலே இனிப்புப் பானங்களின் போத்தலில் வீதிச் சமிக்ஞை விளக்கின் நிறங்கள் கட்டாயமாக்கப்பட்டன. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். அதற்குக் கீழே பச்சை. 2017 நவம்பரில் பானத்திலுள்ள சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் என வரியும் விதிக்கப்பட்டது. கடையிலே போத்தலை எடுக்கும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அந்நிறத்தைப் பார்க்கின்றனர்?

"நான் உண்பதை அரசாங்கம் ஏன் தீர்மானிக்கவேண்டும்?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. வரியின் சுமை ஏழைக்கே அதிகம் என்பதும் புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆயினும் மெக்சிக்கோவில் இப்பானங்களை அதிகமாகக் குறைத்துக்கொண்டவை வறிய குடும்பங்களே. நீரிழிவால் காலை இழப்பவரும், சிறுநீரகம் பழுதடைந்து ஆஸ்பத்திரி வாயிலிலே காத்திருப்பவரும் அதே வறியவர்தாம். மேலும், நாம் உண்பதை இப்போது எவரும் தீர்மானிக்கவில்லை என்று எண்ணுவதும் தவறு. பாடசாலை வாயிலிலே எதை விற்பது, தொலைக்காட்சியிலே எதைக் காட்டுவது என்பதை வணிகர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டனர். மக்களால் தெரியப்பட்ட அரசாங்கத்துக்கும் அங்கே ஒரு குரல் இருத்தல் நன்று.

வீட்டிலே செய்யத்தக்கவை

முதலாவது, ஏளனத்தை விட்டொழித்தல். 1994இல் நியூயோர்க்கில் பிறீட்மன் என்னும் அறிஞரின் ஆய்வுகூடத்திலே லெப்ரின் என்னும் சுரப்புநீர் கண்டறியப்பட்டது. கொழுப்புத் திசுவே இதனைச் சுரந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றது. உடல் மெலியும்போது லெப்ரின் குறைகின்றது. மூளை பசியைத் தூண்டி இழந்ததை மீட்க முயல்கின்றது. கடும் பட்டினி கிடந்து மெலிந்தவர் மீண்டும் பருப்பதற்கு இதுவே ஒரு காரணம். பருத்த பிள்ளையைப் பழிப்பதால் லெப்ரின் மாறிவிடாது. பிள்ளை விளையாட்டு மைதானத்திலிருந்து ஒதுங்கிவிடும். அதனால் மேலும் பருக்கும்.

இரண்டாவது, ஒருவருக்கென்று தனிப் பத்தியம் வகுக்காது வீடு முழுவதும் மாறுதல். தட்டிலே பாதியை மரக்கறியும் கீரையும் பிடித்துக்கொள்ளட்டும். சோறு காற்பங்குக்கு இறங்கட்டும். மிகுதியை மீனோ பருப்போ நிரப்பட்டும். தேநீரிலே வாரத்துக்கு அரைக்கரண்டி வீதம் சீனியைக் குறைத்தால் ஒரு மாதத்திலே நாக்குப் பழகிவிடும். விருந்தினரை "இன்னும் கொஞ்சம்" என்று மும்முறை வற்புறுத்துவது அன்பின் இலக்கணம் என்ற வழக்கத்தையும் சற்றுத் தளர்த்தலாம்.

மூன்றாவது, உடலுழைப்பு. வயதுவந்தோருக்கு வாரத்தில் 150 நிமிட விரைந்த நடையும், சிறுவருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேர ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். பரீட்சை நெருங்குகின்றது என்று பிள்ளையின் மாலை விளையாட்டை நிறுத்தும் பெற்றோர், பிற்காலத்துக்கான கடனை அப்பிள்ளையின் பெயரிலே எழுதுகின்றனர். தாயார் நடக்க விரும்பினால் வீட்டிலுள்ள ஒருவர் உடன் செல்லட்டும், அல்லது அந்நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான்காவது, பரிசோதனை. சுகாதார அமைச்சு 2011ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை நிறுவி வந்துள்ளது. எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் வெல்லம் ஆகியவற்றை அங்கே கட்டணமின்றிப் பார்க்கலாம். பசியைத் தணித்து எடையைக் குறைக்கும் ஊசிமருந்துகள் இன்று வந்துள்ளன. அவை விலையுயர்ந்தவை, வைத்தியர் கண்காணிப்பிலன்றிப் பயன்படுத்தத் தகாதவை. விளம்பரத்தில் வரும் மெலியும் பொடிகளையும் கஷாயங்களையும் நம்பிப் பணத்தையும் சிறுநீரகத்தையும் இழத்தல் வேண்டா.

மாணவர்களுக்கு ஒரு வேலை. நாளை பாடசாலைக்குச் செல்லும்போது, வாயிலிலிருந்து நூறு யார் தூரத்துக்குள் விற்கப்படும் உணவுப் பண்டங்களை ஒரு தாளிலே வரிசையாக எழுதுங்கள். அவற்றுள் பழம் எத்தனை, சிவப்பு நிறம் பொறித்த போத்தல் எத்தனை, எண்ணெயில் பொரித்தவை எத்தனை என்று கணக்கிடுங்கள். அந்தத் தாளை உங்கள் அதிபரிடமும் பெற்றோர் சங்கத்திடமும் கொடுங்கள். உடற்பருமன் யார் குற்றம் என்ற வினாவுக்கு உங்கள் ஊர் கூறும் விடையின் ஒரு பகுதி அத்தாளிலே இருக்கும்.